இலைக்கும் எடை உண்டு

ஒரு மரக்கிளையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அதன் பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கோடாரி பிடித்த ஆம்பிளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கயிற்றை எங்கே கட்டுவது என்று அவர்கள் வந்து கேட்டது என்னிடம். நானோ அவர்கள் வெட்டிப் போட்டதைப் பொறுக்குகிற சுள்ளிக்காரி.

அந்த வேலை இப்படி. தண்டையார்பேட்டைப் பக்கம் விறகுத் தொட்டிகள், அதாவது விறகு விற்கும் கடைகள், வரிசையாக இருந்தன. தொட்டிக்காரர்களிடம் மரம் வெட்டும் கூட்டங்கள் இருந்தன. மரம் வெட்டினால் அடிமரமும் பெரிய கிளையும் வண்டியேறித் தொட்டிக்குப் போகும். மணிக்கட்டுக்கு மெலிந்த கிளையும் இலையும் எங்களுக்கு. இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிறோமே, அதற்கு அதுதான் கூலி. கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய் விற்போம். சுள்ளி அடுப்புக்கு, இலை ஆட்டுக்காரர்களுக்கு. கல்யாணமான மறுவருஷம் ஆரம்பித்து, இந்தக் கதை நடக்கும் வரைக்கும் ஆறு வருஷம் இதைச் செய்திருந்தேன்.

அந்தக் கூட்டங்களில் ஒரு சட்டம் உண்டு. மரம் விழும் நேரத்தில் பொம்பளை அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மரம் திசைமாறிச் சாயும் என்பார்கள். கடைசி வெட்டு வரும்போது மேஸ்திரி இரண்டு தடவை கையைத் தட்டுவார். நாங்கள் எழுந்து தூரமாகப் போய், மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வேறு கூட்டத்து ஆள் எவனாவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் அவனுக்கும் அதே சட்டம்தான். அவனும் பொம்பளையா என்று நான் ஒரு தடவை கேட்டு, அன்றைக்கு எனக்குச் சுள்ளி கிடைக்கவில்லை. ஆறு வருஷத்தில் எத்தனையோ மரம் விழுந்தது. விழுகிற மரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் தெரியும்.

எங்கள் வீடு ராயபுரத்தில், ஒரு கிடங்கின் பின்னால். ஏழு ஓட்டு வீடு ஒரே வரிசை. நிலம் கிடங்குக்காரருடையது. தரைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, வீட்டை அவரவர் கட்டிக்கொண்டோம். எங்கள் வீட்டுச் சுவருக்கு மண் மிதித்தது நான். மூத்த பிள்ளை வயிற்றில் எட்டு மாசம், அப்போதும் மிதித்தேன். ஓடு ஒவ்வொன்றும் என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஓவர்டைம் பார்த்து வாங்கியது. அந்த வீட்டை யாராவது 'குடிசை' என்று சொன்னால் சண்டைக்குப் போவேன், இப்போதும் போவேன்.

வீடுகளுக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே, ஒரு மாட்டுவண்டி திரும்பும் அளவுக்குக் காலி இடம். அதில் ஒரு தூங்குமூஞ்சி மரம். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிடங்குப் பக்கமும் மறு பாதி எங்கள் ஓடுகளுக்கு மேலேயும் படர்ந்திருக்கும். கோடையில் அதன் நிழலில்தான் ஏழு வீடும் உயிர் பிழைத்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிந்து பார்த்தால், மரம் பிரிகிற கவையில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. எங்கள் பக்கத்துப் பாதி ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. காற்றடித்தால் கவையிலிருந்து முனகல் கேட்டது.

கிடங்குக்காரரின் ஏஜெண்டு குடையும் கையுமாக வந்தார். கூடவே நான் சுள்ளி பொறுக்கும் கூட்டத்தின் மேஸ்திரியையும் கூட்டிவந்திருந்தார். மேஸ்திரி வண்ணாரப்பேட்டை பாய். ஒல்லியான மனுஷன், ஒரு தோள் இறங்கியிருக்கும், அதிகம் பேசமாட்டார், மரத்தைக் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டித்தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

“எந்தப் பக்கம் சாய்ப்பே?” என்று ஏஜெண்டு கேட்டார்.

“இந்தாண்ட கெடங்கு. அந்தாண்ட கூட்ஸு வண்டி போற தண்டவாளம். வூட்டுப் பக்கம்தான் சாய்க்க முடியும்” என்றார் பாய்.

ஏஜெண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார். அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் ஓட்டை இறக்கிக்கொண்டு, சாமானை எடுத்துக்கொண்டு எல்லோரும் காலி செய்ய வேண்டும், மரம் போன பிறகு வந்து மறுபடியும் கட்டிக்கொள்ளலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டார். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஏஜெண்டு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

இடித்த வீடு திரும்பி எழும்பாது என்பது ஏழு வீட்டுக்கும் தெரிந்தது. கிடங்கைப் பெரிசாக்கக் கிடங்குக்காரருக்கு இடம் வேண்டும். மரம் அவர் சார்பில் வேலை பார்த்தது. மரத்தை அப்படியே விடுங்கள் என்று சொல்லவும் முடியாது, அடுத்த காற்றுக்கு அதுவே எங்கள் தலையில் இறங்கிவிடும். சிலர் அன்றைக்கே வியாசர்பாடியில் சொந்தக்காரர் வீட்டில் இடம் கேட்கப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கலாசி. கப்பலிலிருந்து சரக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது அவர் வேலை. ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோன நாளில், கப்பலிலிருந்து ஒரு மோட்டார் காரை இவர்கள் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். முட்டையைத் தரையில் வைப்பது போல வைத்தார்கள். அன்று சாயங்காலம் அவர் கை கால் கழுவி உட்காருவதற்குள் கேட்டேன்.

“காரையே எறக்குற ஆளு, கெளய எறக்கமாட்டியா? துண்டு துண்டா அறுத்து, ஒவ்வொண்ணா கயித்துல எறக்கிட்டா, மரம் எதுக்கு வூட்டு மேல சாயணும்?”

அவர் யோசித்தார். “எறக்கலாம் மே. ஆனா மேல போயி கயித்தைக் கட்றது யாரு? நான் ஏணியில ஏறுவேன். மரத்துல ஏறினதில்ல.”

“பாய் ஆளுங்க?”

“அவங்க கீழ நின்னுகினு அடியிலதான் வெட்டுவாங்க. மேல ஏறிக் கட்டத் தெரியாது.”

மேலே ஏறுகிறவரைத் தேடித் திருவொற்றியூருக்கு நடந்தேன். அங்கே ஒருவர் இருந்தார். கள்ளிறக்கும் குடும்பம். மதுவிலக்கு வந்ததிலிருந்து தேங்காய் பறித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கால் பெருவிரல் இரண்டும் கட்டைவிரல் போல விலகி நிற்கும். விஷயத்தைச் சொன்னதும், “இம்மாம் பெரிய கவை இருக்கிற மரத்துல ஏற ஒரு ஆளு வேணுமா? இது மரமில்லம்மா, படிக்கட்டு” என்றார். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று நானும் நம்பிக் கூட்டிவந்தேன்.

பாய்தான் மசியவில்லை. விறகு எப்படியும் உன் தொட்டிக்குத்தானே வரப்போகிறது, முழுசாக விழுந்தால் என்ன, துண்டாக இறங்கினால் என்ன என்று வாதாடினேன். நான் பேசுவதைக் கேட்பதைவிடச் சம்மதிப்பது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். “ஒரே ஒரு கெள. எறக்கிக் காட்டு. அப்பால பாக்கலாம்” என்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் மரத்தடியில் நின்றார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மரத்தைவிட இவர்களைச் சேர்த்துக் கட்டுவதுதான் கஷ்டமென்று. கடலோரத்து ஆளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பாய். கோடாரி என்றால் ஓங்கிப் போடுவது, அதில் என்ன வித்தை என்று என் வீட்டுக்காரர். தரையில் நிற்கிற யாரையும் ஒரு பொருட்டாக நினைக்காதவர் மரமேறி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் ஏஜெண்டுக்கு.

மரமேறி அடிமரத்தில் ஓட்டமாக ஏறினார். கவைவரைக்கும் அணில்தான். அங்கிருந்து கிளை படுத்தவாக்கில் போனது. அவர் ஆயுசில் நேராக நிற்கிற மரத்தைத் தவிர எதையும் கட்டிப்பிடித்ததில்லை. படுத்த கிளையில் என்ன செய்வதென்று தெரியாமல், அதன் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தழுவிக்கொண்டார். பாய் ஆட்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கயிற்றை வீசி, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். “மாட்டுக்குக் கட்டு அத்த” என்று மேலிருந்து பதில் வந்தது. தவழ்ந்தே போனார். ஒரு நாழிகை ஆனது.

கயிற்றைக் கட்ட வேண்டிய இடத்தை என் வீட்டுக்காரர் கீழிருந்து அளந்து சொன்னார். கப்பல் சரக்கு பெட்டியானாலும் இரும்புப் பாளமானாலும் நடுவில் கட்டினால் நேராக நிற்கும். கிளையில் கட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, அதன் நடுவைக் காட்டினார். இலையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இலை என்பது அவருக்குக் காற்றில் பறக்கிற சாமான். கயிறு கிடங்குப் பக்கத்துக் கவைக்கு மேலே போய், கீழே அடிமரத்தில் சுற்றி, அவர் கைக்கு வந்தது.

பாய் என்னை அந்தாண்டை போகச் சொன்னார், தள்ளிப் போனேன், முதுகை மட்டும் திருப்பவில்லை. பாயின் ஆள் ஏணியில் நின்று ரம்பத்தால் அறுத்தான். கிளை விட்டதும் நான் எதிர்பார்த்தது, அந்தக் கார் இறங்கினது போல இறங்கும் என்று. காலையில் பெய்த மழை இலையெல்லாம் நிறைந்திருந்தது. இலைமுனை ஒரேயடியாகக் கீழே சாய்ந்தது, வெட்டுமுனை வானத்துக்கு எழும்பியது, கயிறு கிளையை விட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது, கிளை தலைகீழாக உருவிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுச் சமையல் மூலையில் இறங்கியது. ஓடு பதினைந்து இருபது உடைந்தது. அடுப்பில் சோற்றுப்பானை இருந்தது, அதுவும் போனது.

பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக் கூரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். என் வீட்டுக்காரர் கையில் கயிறு எரித்த காயத்தோடு நின்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பாயின் ஆள் ஒருவன் சொன்னான், ஆறுதலாக அல்ல. “உட்டுடலாம் மே” என்றார் என் வீட்டுக்காரர். “ரெண்டு ஓலை வாங்கியாந்து வேற எங்கனா போட்டுக்கலாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறினால் கை சும்மா இருக்காது. கூரையிலிருந்து சரிந்து கிடந்த கிளையில் ஒரு கொப்பை முறித்தேன். ஆள் நீளம், நுனியெல்லாம் ஈர இலை. “நீ சொன்ன நடு இது” என்று கட்டையின் நடுவைத் தலையில் வைத்துக் கையை விட்டேன். இலைமுனை சாய்ந்து தரையில் விழுந்தது. மறுபடியும் எடுத்து, இலைப் பக்கமாக இரண்டு சாண் நகர்த்தி வைத்தேன். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, அந்தக் காலி இடத்தில் கிடங்குச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். கொப்பு அசையவில்லை.

“ஆறு வருசமா தூக்கறேன். காஞ்ச சுள்ளின்னா அடிப்பக்கம் பாரம். இலையோட கீதுன்னா நுனிப்பக்கம் பாரம். மழ பேஞ்ச இலைன்னா இன்னும் நுனிக்குப் போவும். தப்பா வெச்சா கழுத்து ஒடியும். இது சுள்ளி பொறுக்குற எல்லாப் பொம்பளைக்கும் தெரியும்.”

சொல்லிக்கொண்டே வரும்போது பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“பாய். கெள தலைகீழா போவும்னு ஒனக்குத் தெரியும். இல்ல?”

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சிகினேவா பாத்துகினு நின்னே? எம்மேல வுழுந்திருந்தா?”

“ஒன்ன அந்தாண்ட போவச் சொன்னேனே. எனக்கு யாரும் இத்தெல்லாம் சொல்லித் தரல. கெள வுழுந்து இந்தத் தோள் எறங்கினதுக்கு அப்பாலதான் நானே தெரிஞ்சிகினேன். கஷ்டப்பட்டுத் தெரிஞ்சிகினத சும்மா எடுத்துத் தந்துட்டா, நாளைக்கு எவன் என்னைக் கூப்புடுவான்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. இந்த ஒரு தடவை பதிலைக் கையால் சொன்னேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கயிற்றை அடிமரத்தில் சுற்றச் சொன்னேன். மூன்று சுற்று. கவைக்கு மேலே போய் இறங்கிய முனையில் பாயின் ஆட்கள் மூன்று பேரைத் தொங்கச் சொன்னேன். மறுமுனையைக் கொண்டுபோய்ப் பாயின் இடது கையில் கொடுத்தேன்.

“புடி. ஒரு கையால.”

பிடித்தார். மூன்று பேரும் தரையிலிருந்து காலைத் தூக்கித் தொங்கினார்கள். கயிறு அசையவில்லை. பாய் தன் கையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். “கொஞ்சம் தளர்த்து” என்றார் என் வீட்டுக்காரர். தளர்த்தினார். மூன்று பேரும் மெல்ல மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார்கள். “சுத்து ஏற ஏற மரம் புடிச்சிக்கும். ஒரு சுத்துன்னா ஓடும், நாலுன்னா நகராது. அத்தொட்டு மூணு” என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். துறைமுகத்தில் புது ஆளுக்கு முதல் வருஷம் சொல்லித்தராத விஷயம் அது.

“இத்த சும்மாதான் குடுக்கறோம். வெச்சிக்கோ” என்றேன்.

பாய் ரொம்ப நேரம் கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கோடாரியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். பழக்கதோஷத்தில் நான் முதுகைத் திருப்பப் போனேன்.

“திரும்பாத. வந்து பாரு” என்றார்.

கிளையை மேலே அறுக்கும் முன்பு அடிப்பக்கத்தில் கால்வாசி வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி அறுபட்டதும் கிளை முறிந்து, பட்டையை அடிமரம் வரைக்கும் உரித்துக்கொண்டு போகும். கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினால், உள்ளே கட்டியாக இருக்கிற இடம் கணீரென்னும், புழுத்த இடம் தொப்பென்னும். தொப்பென்கிற இடத்துக்கு மேலே கயிறு மாட்டக் கூடாது. இவ்வளவுதான். இதைப் பார்க்கக் கூடாது என்றுதான் ஆறு வருஷம் முதுகைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது.

மரமேறி இதையெல்லாம் கவையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தான் மட்டும் ஒன்றும் தரவில்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. “மத்தியானத்துல எவனாவது வெட்டுவானா?” என்று மேலிருந்தே ஆரம்பித்தார். கள்ளிறக்குகிறவர்கள் காலையும் சாயங்காலமும்தான் மரத்தில் இருப்பார்கள். கடற்காற்று எப்போது எழும்பும் எப்போது படுக்கும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். மத்தியானம் காற்று ஏறும் நேரம். சாயங்காலம் இறங்கும். அதோடு தூங்குமூஞ்சி பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும். இலை விரிந்த கிளை கயிற்றில் தொங்கும்போது காற்று அதைப் பாய்மரமாக்கிச் சுழற்றும். மூடிய இலையில் காற்று பிடிக்காது. “அஞ்சு மணிக்கு மேல எறக்கு. கொயந்த மாதிரி வரும்” என்றார். இப்படிச் சொல்லிக்கொடுத்த பிறகு, இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதில் அவருக்கு அவமானம் இருக்கவில்லை. தானே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் முதல் கிளை. எந்த இடத்தில் கட்டுவது என்று என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். சுள்ளிக்கட்டைத் தலையில் வைக்கும்போது நான் யோசித்ததே இல்லை, கழுத்து யோசித்துக்கொள்ளும். இப்போது இருபதடி உயரத்தில் இருக்கிற கிளையை என் கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இலை எந்தப் பக்கம் அடர்த்தி, கட்டை எங்கே வளைகிறது, காக்காக் கூடு எங்கே. திறந்து கையைக் காட்டினேன். “இன்னும் ஒரு முழம் வெளிய. இன்னும் கொஞ்சம். அங்க கட்டு.”

பாயே அறுத்தார். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக் குரலில் “ஆரியா” என்று நீட்டினார். தளர்த்து என்பதற்குக் கலாசிகள் சொல்லும் சொல் அது. கிளை படுத்தவாக்கிலேயே, மரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, காலி இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஏழு வீட்டு ஜனமும் வெளியே நின்றார்கள். ஒருவருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என்னிடம் வந்து, உடைந்த ஓட்டுக்குப் பதிலாகத் தன்னிடம் ஆறு ஓடு மிச்சம் இருக்கிறது என்றாள். எனக்கு அது கைதட்டலைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு வேலை. பகலில் என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கும் பாய் வேறு மரத்துக்கும் போய்விடுவார்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் இரண்டு கிளை, சில நாள் மூன்று. செய்தி பரவிவிட்டது. வியாசர்பாடிக் கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். கடைசி வெட்டு வந்தபோது அவர்களாகவே முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், பழக்கம் அப்படி. பாய் மேலேயிருந்து பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குச் செவுத்தைப் பாத்துகினு நிக்கிறீங்க? இந்தாண்ட பாருங்க. சந்தேகம்னா அந்தம்மாவைக் கேளுங்க” என்றார். அவர்கள் என்னைக் கேட்டார்கள். மறுநாள் அவர்களுடைய சுள்ளிக்காரிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுக்கும் கழுத்து தெரிந்ததுதான். இதை ஆம்பிளைகளிடம் சொல்லலாம் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் சின்னக் கிளைகள் எல்லாம் இறங்கிவிட்டன. மிச்சம் இருந்தது வெடித்த பாதியின் தாய்க்கிளை. எங்கள் ஏழு ஓட்டுக் கூரைக்கும் நேர் மேலே. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். அதை இறக்கிவிட்டால் வீடு நிற்கும். தவறினால் நாங்களே இடித்துக்கொண்டது போல, ஏஜெண்டு வரவே வேண்டாம்.

அன்றைக்குத்தான் மூன்று பேரும் முதல் தடவையாக ஒரே பேச்சுப் பேசினார்கள், எனக்கு எதிராக. இலையெல்லாம் முன்னமே கழித்தாகிவிட்டது, நுனியில் ஒரு கொத்துதான் மிச்சம், ஆகவே பாரம் அடிப்பக்கம் வந்துவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். நியாயம்தான். பாயும் தலையாட்டினார். மரமேறியும் அங்கேதான் கையை வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கிளையின் அடியை முந்தின நாள் பாய் தட்டியபோது தொப்பென்ற சத்தம் வந்தது என் காதில் இருந்தது. வெடிப்பிலிருந்து நாலு முழத்துக்கு உள்ளே புழுத்துப் போயிருந்தது. புழுத்த கட்டை பார்க்கப் பெருசு, தூக்கினால் பஞ்சு. சுள்ளிக்காரிகள் அப்படிப்பட்ட விறகைக் கையில் எடுத்ததுமே தூக்கிப்போட்டுவிடுவோம், எரியாது, எடையும் நிற்காது.

“அடி கனமாட்டம் கீது. உள்ள ஒண்ணுமில்ல” என்றேன். “ரெண்டு முழம் வெளிய கட்டு.”

தப்பானால் என் ஓடு மட்டும் உடையாது என்று எனக்கும் தெரியும். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் என்னையே பார்த்தார். கோடாரியை எடுத்துத் திருப்பி, அடியில் ஒரு தட்டு, நான் காட்டிய இடத்தில் ஒரு தட்டு. இரண்டு சத்தத்தையும் எல்லோரும் கேட்டார்கள்.

“அந்தம்மா சொன்ன எடத்துல கட்டு” என்றார்.

நாலு சுற்றுச் சுற்றினார் என் வீட்டுக்காரர். பக்கவாட்டில் இழுக்க இரண்டாவது கயிறு, அதைப் பிடிக்க ஆள் போதவில்லை. ஏழு வீட்டுப் பெண்களும் வந்து பிடித்தோம், முகத்தை மரத்துக்கு நேராக வைத்துக்கொண்டு. இலைக்கொத்து கூம்பும் வரை காத்திருந்தோம். மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பாய் அடியில் வெட்டினார், மேலே ரம்பம் வைத்தார். கிளை விட்ட கணத்தில் கயிறு ஒரு முறை உறுமியது. அடிமுனை ஒரு சாண் எழும்பியது, நுனி ஒரு சாண் இறங்கியது, மறுபடியும் சமனாகி நின்றது. எங்கள் கூரைகளுக்கு மேலே, தொட்டிலைப் போல, ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. நாங்கள் இழுத்தோம். “ஆரியா” என்றார் என் வீட்டுக்காரர். ஏழு கூரையையும் தாண்டி வந்து, காலி இடத்தில் இறங்கியது. ஒரு ஓடுகூடச் சத்தம் போடவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்டால், சொல்வதற்கு வெட்கமில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்று, மூச்சு முட்டும் வரைக்கும் சிரித்தேன். மரமேறி மேலே உட்கார்ந்து விசில் அடித்தார். பாய் என் வீட்டுக்காரரின் தோளைக் கட்டிக்கொண்டார், இறங்கிய தோள் எது, ஏறிய தோள் எது என்று பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மாதாவிடம் நன்றி சொன்னேன். அவளும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

மரத்தின் மறு பாதியை வெட்டவில்லை. அது தட்டினால் கணீரென்றது. கிடங்குப் பக்கம் சாய்ந்து நின்றதால் எங்களுக்கும் பயமில்லை.

திங்கட்கிழமை காலையில், கெடு சொல்லிப் போன பிறகு முதல் தடவையாக, ஏஜெண்டு வந்தார். கடப்பாரையோடு எட்டு ஆள், பின்னால் ஒரு காலி வண்டி. தெருமுனையில் நின்று எங்கள் பக்கத்துப் பாதி மரத்தைத் தேடினார். வானம் தெரிந்தது. கீழே ஏழு கூரையும் தெரிந்தன, ஏழிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. மெதுவாக வரிசையோரம் நடந்து, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். இடிப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று உள்ளே எட்டிப் பார்த்து, வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

நான் அப்போதுதான் தரையைச் சாணி போட்டு மெழுகி முடித்திருந்தேன். கையைக் கழுவாமலே எழுந்து வாசலுக்கு வந்தேன்.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்” என்றேன். “வூடு ஈரமா கீது.”